21 கியர் ஹைபிரிட் சைக்கிள்: கோத்தகிரி ஏறுமா, பத்திரமாக இறங்குமா?

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் என்று எந்த ஊர் சைக்கிள் கடைக்குள் நுழைந்தாலும் 15,000 முதல் 22,000 ரூபாய்க்குள் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் ஒரே மாதிரி ஹைபிரிட் வண்டியைத்தான், அதாவது ரோடு சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த வகை. 700×35 டயர், அலுமினிய பிரேம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங். பிராண்டும் பெயிண்டும் மாறும். கியர் சாமான்கள் பெரும்பாலும் ஷிமானோ நிறுவனத்தின் டூர்னி வரிசை, இல்லையென்றால் அதற்கு இணையானவை. அதனால் ஒரு பிராண்டைப் பிடித்துக்கொள்ளாமல் இந்த வகை வண்டியையே பாகம் பாகமாக எடைபோடுகிறோம். அளவுகோல் நம்ம ஊர்ச் சாலைகள்: ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70, திம்பத்துக்கு 27, ஏற்காட்டுக்கு 20, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி, இவற்றோடு பாலக்காட்டுக் கணவாய்க் காற்று.

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். சமதளத்துக்கு இது நல்ல வண்டி. மலைக்குக் கடையில் கொடுக்கிற நிலையில் போதாது. பின்பக்கப் பல்சக்கரத்தை மாற்றி, பிரேக்கை ஒழுங்காகச் செட் பண்ணினால் போதும். அந்தச் செலவு வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கை எட்டாது. ஏன் போதாது என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் படித்த இயற்பியலே போதும்.

விளம்பர அட்டையில் பெரிதாக அச்சாகும் 21 என்ற எண்ணிலிருந்து தொடங்குவோம். முன்னால் 48-38-28 பல், பின்னால் 14-16-18-20-22-24-28 பல். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால் பெடலை ஒரு சுற்று மிதிக்கும்போது பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்று தெரியும். 48-க்கு 24 போட்டால் 2.0. 28-க்கு 14 போட்டாலும் அதே 2.0. 48-க்கு 28 என்றால் 1.71, 38-க்கு 22 என்றால் 1.73, 28-க்கு 16 என்றால் 1.75. காலுக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். இப்படி ஒன்றோடொன்று மோதுவதைக் கழித்தால் உண்மையில் மிஞ்சுவது பன்னிரண்டு, பதின்மூன்று கியர். அதிலும் பெரியதோடு பெரியது, சின்னதோடு சின்னது போட்டால் செயின் கோணலாக ஓடித் தேயும், ஆகவே அவையும் கணக்கில் சேராது. 18, 21, 24 என்ற எண்களை ஒப்பிட்டு வண்டி வாங்குவதில் பயனே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடைசிக் கியர், அதாவது மிதிக்க மிகச் சுலபமான கியர், எவ்வளவு?

இந்த வண்டியில் அது 28-க்கு 28, அதாவது 1.0. 700×35 டயரின் சுற்றளவு சுமார் 2.17 மீட்டர். ஒரு மிதிக்கு வண்டி 2.17 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.8 கி.மீ. ஆளும் வண்டியும் தண்ணீரும் பையும் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டர் போனால் 10 மீட்டர் உயரும் இடத்தில், வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் புவிஈர்ப்பு விசை 83 நியூட்டன். டயர் உருளும் தடையும் கொஞ்சம் காற்றும் சேர்ந்தால் 91. வினாடிக்கு 2.17 மீட்டர் வேகத்தில் இதை எதிர்த்துப் போக 200 வாட் வேண்டும். பழக்கமுள்ள சாதாரண ஆளால் ஒரு மணி நேரம் விடாமல் கொடுக்க முடிவது 100 முதல் 150 வாட்தான். மீதி 50 வாட்டை எங்கிருந்து கொண்டு வருவது? மிதிக்கிற வேகம் 60-லிருந்து 40-க்கு இறங்கும், முழங்கால் வலிக்கத் தொடங்கும், அடுத்த வளைவில் இறங்கித் தள்ள வேண்டிவரும். பலர் தங்களுக்குத் தெம்பு போதவில்லை என்று நினைத்து வண்டியை மூலையில் சாத்திவிடுகிறார்கள். அவர்கள் தெம்பில் குறையில்லை, பல்லின் கணக்கில்தான் குறை.

பின்னால் 14-34 ஃப்ரீவீல், அதாவது 14 பல்லிலிருந்து 34 பல் வரை உள்ள பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி, போட்டால் கடைசிக் கியர் 0.82 ஆகிறது. அதே 60 சுற்றில் வேகம் 6.4 கி.மீ., தேவை 163 வாட். முன்பக்கமும் 42-34-24 பல் கொண்ட கிராங்க் (பெடலைத் தாங்கும் கையும் முன் பல்சக்கரங்களும்) இருந்தால் 0.71. வேகம் 5.5 கி.மீ., தேவை 140 வாட். பெடலின் மேல் கால் கொடுக்க வேண்டிய சராசரி அழுத்தம், 170 மி.மீ. கிராங்குக்கு, 19 கிலோவிலிருந்து பதினைந்தரைக்கும் பிறகு 13-க்கும் இறங்கும். ஏற வேண்டிய உயரம் மாறுவதில்லை, மொத்த உழைப்பும் மாறுவதில்லை. அதை நீளமான நேரத்துக்குப் பரப்பிக் கொடுப்பதுதான் சின்னக் கியரின் வேலை. இதைவிடச் சின்னதாகப் போனால் வேகம் நடைக்குச் சமமாகி வண்டி ஆடும், நேராகப் பிடிப்பது சிரமம். 0.7-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்வது நல்லது.

கோத்தகிரிப் பாதை இதற்கு நல்ல பரீட்சை. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கி.மீ.யில் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயர்கிறது. அடிவாரச் சமதளத்தைக் கழித்தால் சராசரி 5 சதவீதம். 5 சதவீதத்துக்கு 28-28 கியரே போதும், 110 வாட்டில் 8 கி.மீ. வேகம் கிடைக்கும். ஆனால் சராசரியை மட்டும் பார்த்துக் கிளம்பினால் நடுவில் வரும் செங்குத்தான துண்டுகள் காலை வாங்கிவிடும். 34 பல் அந்தத் துண்டுகளுக்காக.

ஃப்ரீவீலை மாற்றும் வேலை சுலபமானது, ஆனால் கருவி இல்லாமல் தொடக்கூடாது. ஃப்ரீவீல் மரையில் ஏறியிருக்கும். ஒவ்வொரு மிதியும் அதை இன்னும் இறுக்கும். ஒரு வருடம் ஓடிய வண்டியில் சின்ன ஸ்பேனரால் அசைக்கவே முடியாது. அதற்கென்று பள்ளம் வெட்டிய கழற்றியை உள்ளே இறக்கி, ஆக்ஸில் நட்டைப் போட்டு லேசாகப் பிடிக்கவைத்து, கழற்றியை மேசை வைஸில் கவ்வவிட்டு, சக்கரத்தையே ஸ்டியரிங் போலப் பிடித்து இடப்பக்கமாகத் திருப்புங்கள். சக்கரத்தின் விட்டமே நீளக் கைப்பிடியாக வேலை செய்யும், சட்டென்று இளகும். இளகியதும் நட்டைக் கழற்றிவிட்டுத்தான் முழுதும் திருப்ப வேண்டும், இல்லையென்றால் ஆக்ஸில் மரை போய்விடும். புதியதை மாட்டும் முன் மரையில் கிரீஸ் பூசுங்கள்.

மாட்டியதும் மூன்று விஷயம் பார்க்கணும். ஒன்று, பின் டிரெய்லர், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவி (derailleur), 34 பல்லைத் தாங்கும் நீளக் கூண்டு வகையா என்பது. பல் வித்தியாசங்களைக் கூட்டினால், முன்னால் 48-28, பின்னால் 34-14, மொத்தம் 40 பல் அளவு தளர்ச்சியை அந்தக் கூண்டு இழுத்துப் பிடிக்க வேண்டும். இரண்டாவது, செயின் நீளம். டிரெய்லரில் நுழைக்காமல் பெரியது-பெரியது மேல் செயினைச் சுற்றி, அதற்கு மேல் இரண்டு கண்ணி கூடுதலாக விட வேண்டும். பழைய செயினையே அப்படியே போட்டு, தவறி ஒருமுறை 48-34-க்கு மாற்றினால் செயின் விறைத்து டிரெய்லரைப் பிய்த்துக்கொண்டு வரும். மூன்றாவது, உள்பக்க எல்லைத் திருகு. அது சரியில்லை என்றால் செயின் 34 பல்லைத் தாண்டிப் போக்ஸ் கம்பிக்குள் விழும். மெதுவாக ஏறும்போது நடந்தால் கம்பி அறுந்து போகும், அவ்வளவுதான், ஆனால் காட்டுப் பாதையில் அங்கிருந்து தள்ளிக்கொண்டுதான் திரும்பணும். டிரெய்லரின் மேல் கப்பிக்கும் 34 பல்லுக்கும் இடையே 5 அல்லது 6 மி.மீ. இடைவெளி இருக்குமாறு பின்பக்கத் திருகையும் திருப்புங்கள். 24-லிருந்து 34-க்கு ஒரே தாவலாகப் போவதால் கியர் விழும்போது காலில் ஒரு குலுக்கல் தெரியும். அந்த ஃப்ரீவீலின் இயல்பே அப்படி.

வளைவுக்கு முன்னாலேயே கியரை மாற்றிவிட வேண்டும். பாரத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் பல்லில் ஏறாமல் நறநறவென்று உரசும். எந்த வளைவுக்கு முன்னால் என்பதில்தான் ஒரு நுட்பம் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவின் உள்ஓரமும் வெளிஓரமும் ஏறும் உயரம் ஒன்றுதான், தூரம் வேறு. வளைவு 2 மீட்டர் உயர்கிறது, உள்ஓர ஆரம் 6 மீட்டர், வெளிஓர ஆரம் 12 மீட்டர் என்றால், உள்ஓரத்தில் 19 மீட்டர் தூரத்தில் அந்த உயரத்தை ஏறுகிறோம், வெளிஓரத்தில் 38 மீட்டரில். முன்னது 10 சதவீதத்துக்கு மேல், பின்னது 5 சதவீதத்தை ஒட்டி. நாம் இடப்பக்கம் போகிறவர்கள். ஆகவே ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவெல்லாம் செங்குத்து, வலப்பக்கம் திரும்புவதெல்லாம் ஓய்வு. இடது வளைவு கண்ணில் பட்டதும் கடைசிக் கியருக்கு வந்துவிடுங்கள். சாய்வுக்குப் பயந்து நடுச்சாலைக்கு ஒதுங்கினால் மேலிருந்து இறங்கும் பஸ் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பும்.

இனி இறக்கம். ஏறுவதில் தோற்றால் இறங்கித் தள்ளலாம், இறங்குவதில் தோற்றால் அப்படி வழியில்லை. அதனால் இந்த வண்டியில் அதிகக் கவனம் கொடுக்க வேண்டியது பிரேக்குக்குத்தான்.

கோத்தகிரியில் நிற்கும் 85 கிலோவுக்கு மேட்டுப்பாளையத்தோடு ஒப்பிட்டால் 12 லட்சம் ஜூல் ஆற்றல் கூடுதலாக இருக்கிறது. நான்கு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க அது போதும். கீழே வந்து சேரும்போது அவ்வளவும் எங்காவது வெப்பமாகப் போயிருக்க வேண்டும். போக மூன்று இடம்தான் உண்டு: டயர், காற்று, பிரேக். டயரின் பங்கு மாறாதது, சிறியது. காற்றின் பங்கு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மிச்சம் முழுதும் பிரேக்குக்கு.

5 சதவீத இறக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பிரேக்கையே தொடாமல் விட்டால் 36 கி.மீ. வேகத்தை ஒட்டிக் காற்றே வண்டியைப் பிடித்து நிறுத்தும், அதற்கு மேல் ஏறாது. அந்த வேகத்தில் பிரேக்குக்கு வேலை இல்லை. 21 கி.மீ.யில் பிடித்தே இறங்கினால் பிரேக் தொடர்ந்து 135 வாட்டைத் தாங்க வேண்டும், அந்தச் சாய்வில் பிரேக் அதிகம் சூடாகும் வேகம் அதுதான். 10 கி.மீ.யில் ஊர்ந்தால் 90 வாட்தான், ஆனால் இரண்டு மடங்கு நேரம், ஆகவே ஒரு கிலோமீட்டருக்குப் பிரேக்கில் இறங்கும் மொத்த வெப்பம் இன்னும் அதிகம். 10 சதவீதத்தில் நிலைமையே வேறு. அங்கே பிரேக் தொடாமல் விட்டால் வேகம் 54 கி.மீ. வரை போகும், 31 கி.மீ.யில் பிடித்து இறங்கினால் 440 வாட். இரண்டு சக்கரத்துக்கும் சரிபாதியாகப் பிரித்தாலும் 130 கிராம் எடையுள்ள ஒரு 160 மி.மீ. டிஸ்க் வினாடிக்கு 3 டிகிரிக்கு மேல் சூடேறும். குளிர விடாமல் அரை நிமிடம் பிடித்தாலே நூறு டிகிரி கூடிவிடும். டிஸ்க்கைக் கவ்வும் ரெசின் பேடின் மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளத்து வழுக்கத் தொடங்குவது இப்படித்தான். பிரேக்கிலிருந்து கருகிய வாசனை வந்தால் ஓரமாக நிறுத்துங்கள். டிஸ்க்கை விரலால் தொட்டுப் பார்க்கக்கூடாது, தோல் உரிந்துவிடும்.

ஆகவே நேரான துண்டில் பிரேக்கை விட்டுக் காற்றைத் தடுக்கவிட்டு, வளைவுக்கு முன் இரண்டையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, மறுபடி விடுவதே முறை. லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது பாதுகாப்பு என்று தோன்றும், சூட்டைப் பொறுத்தவரை அதுதான் மோசம். கொல்லிமலை போல வளைவுக்கு மேல் வளைவு வரும் இடத்தில் விட இடமே கிடைக்காது. அங்கே பத்து வளைவுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நின்றே ஆகணும்.

பின் பிரேக்கை மட்டும் நம்புகிற பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயம். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் இலேசாகிறது. இலேசான சக்கரம் சீக்கிரம் வழுக்கும். 8 சதவீத இறக்கத்தில் 40 கி.மீ. வேகத்தில், இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் சுமார் 15 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் 37 மீட்டர். வால்பாறைச் சாலையில் ஒன்பதாம் வளைவை ஒட்டி வரையாடு நடுரோட்டில் நிற்பதுண்டு. அந்த 22 மீட்டர் வித்தியாசம் அங்கே தெரியும். குப்புற விழாமல் இருக்க உடம்பைச் சீட்டின் பின்பக்கம் தள்ளி, முழங்கையை நீட்டி ஊன்றிக்கொண்டு, முன் பிரேக்கை ஒரேயடியாக இறுக்காமல் படிப்படியாக ஏற்றுங்கள்.

வளைவில் எவ்வளவு வேகம்? 8 மீட்டர் ஆரமுள்ள வளைவில் காய்ந்த ரோட்டில் பயமின்றிச் சாயக்கூடிய அளவுக்கு, நெட்டுக்குத்திலிருந்து 19 பாகை, 19 கி.மீ. வேகம் பொருந்தும். மழை பெய்து இலையும் மண்ணும் கிடந்தால் 14. அதற்குமேல் போய்விட்டு வளைவுக்குள்ளேயே பிரேக் பிடித்தால், திரும்பவும் நிற்கவும் ஒரே டயரின் பிடிப்பைப் பங்குபோட்டுக் கேட்கிறோம். கிடைக்காது.

கேபிள் டிஸ்க் பிரேக்கின் அமைப்பும் தெரிந்திருக்கணும். இந்த விலையில் வரும் காலிப்பர்களில், அதாவது பேடுகளைத் தாங்கிப் பிடிக்கும் பாகத்தில், பெரும்பாலும் வெளிப்பக்கப் பேடு மட்டும் நகரும், உள்பக்கப் பேடு அசையாது. நகரும் பேடு டிஸ்க்கை லேசாக வளைத்து அசையாத பேடின் மேல் அழுத்தும். அசையாத பேடு டிஸ்க்கிலிருந்து 0.2 அல்லது 0.3 மி.மீ., ஒரு விசிட்டிங் கார்டு தடிமன், தள்ளி இருக்கணும். பேடு தேயத் தேய அந்த இடைவெளி பெரிதாகும், டிஸ்க் அதிகமாக வளைய வேண்டிவரும், லீவர் கைப்பிடி வரை வந்து முட்டும். பலர் கேபிளை மட்டும் இழுத்து இறுக்கிவிடுகிறார்கள். அது பாதி வைத்தியம். முதலில் உள்பக்கக் குமிழைத் திருப்பி அசையாத பேடை டிஸ்க்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அதன் பிறகு கேபிளைப் பாருங்கள். பேடில் உராய்வுப் பொருள் 1 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். புதுப் பேடு மாட்டிய அன்றே மலைக்குப் போகக்கூடாது. சமதளத்தில் 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு இருபது முறையாவது பிரேக் பிடித்துப் பழக்கினால்தான் பேடின் பொருள் டிஸ்க்கில் படிந்து முழுப் பிடிப்பு வரும். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு துளி டிஸ்க்கில் தெறித்தாலும் பேடு கெட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெயை உறிஞ்சிக்கொண்ட ரெசின் திரும்பாது.

குறை சொன்னாலும் டிஸ்க் பிரேக் இந்த வண்டிக்குச் சரியான தேர்வு. ரிம் பிரேக்கில் அத்தனை சூடும் ரிம்மில் இறங்கி டியூபுக்குப் பக்கத்தில் தங்கும். வால்பாறை மழையில் நனைந்த ரிம் முதல் சில சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது.

டயரைப் பற்றி. 35 மி.மீ. அகலம் நம்ம சாலைக்குப் பொருத்தம். 65-70 கிலோ ஆளுக்குப் பின்னால் 55-60 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம், முன்னால் 50 போதும். டயர் ஓரத்தில் அச்சடித்திருப்பது உச்ச அளவு, அதை நிரப்பிக்கொண்டு போனால் கரடுமுரடான தார் ரோட்டில் வண்டி குதிக்கும், குதிக்கிற ஒவ்வொரு முறையும் முன்னே போக வேண்டிய ஆற்றல் மேலே போகிறது. பின்சக்கரத்தில் 50 கிலோ பாரம் 60 பி.எஸ்.ஐ.யில் தரையைத் தொடும் பரப்பு 12 சதுர செ.மீ. 40-க்கு இறங்கினால் 18. அந்த நிலையில் குழியில் இறங்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டை விழும். பஞ்சர் பார்க்கும்போது இரண்டு ஓட்டை ஜோடியாகத் தெரிந்தால் முள்ளைத் தேடாதீர்கள், காற்றுக் குறைவு.

ஒற்றை ஓட்டை என்றால் பெரும்பாலும் முள். காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கம் சீமைக் கருவேல முள்ளும் நெருஞ்சியும் சாலை ஓரம் முழுக்கக் கிடக்கும். பேட்ச் ஒட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கம் ஒரு துணியை வைத்து முழுச் சுற்றும் தேய்த்துப் பாருங்கள். முள்ளின் நுனி முறிந்து ரப்பருக்குள் நின்றிருந்தால் துணி மாட்டும். அதை எடுக்காமல் டியூபைத் திருப்பி மாட்டினால் அரை கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர்.

ஊட்டிக்கு ஏறினால் டயரில் காற்று கூடிவிடும், கொஞ்சம் இறக்கிவிட்டுப் போகணும் என்று சொல்வதுண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோவை சுமார் 411 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 14 பி.எஸ்.ஐ.யிலிருந்து 11.2-க்குக் குறைகிறது, அதனால் டயரின் அழுத்தமானி 2.8 கூடுதலாகக் காட்டணும். ஆனால் 33 டிகிரியிலிருந்து 18 டிகிரிக்குக் குளிர்வதால் உள்ளே இருக்கும் காற்று 3.6 பி.எஸ்.ஐ. சுருங்குகிறது. கோவையில் 60 வைத்துக்கொண்டு கிளம்பினால் ஊட்டியில் 59. தொடவே வேண்டாம். பார்க்க வேண்டியது வெயிலைத்தான். சித்திரை மத்தியானத்தில் வண்டியை வெளியே நிறுத்தி டயர் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 60 என்பது 67-ஐத் தாண்டும். பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். கார் டயருக்கு அமைத்த கம்பிரசர் சைக்கிள் டியூபைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நிரப்பிவிடும். விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

சமதளத்தில் கொங்கு நாட்டு சைக்கிளோட்டிக்கு எதிராளி மேற்காற்று. ஆனியில் தொடங்கி ஆவணி தாண்டும் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் பாய்கிற காற்றுக்காகத்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. 100 வாட் கொடுக்கிற ஆள் காற்றில்லாத நாளில் 20 கி.மீ. வேகத்தில் போவார். 20 கி.மீ. வேகக் காற்று எதிரே அடித்தால் அதே உழைப்புக்கு 11 கி.மீ.தான் கிடைக்கும். பின்னாலிருந்து தள்ளினால் 33. போகும்போது இழந்ததைத் திரும்பும்போது பிடித்துவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். போக 20, வர 20 கி.மீ. தூரத்துக்குக் காற்றில்லாமல் இரண்டு மணி நேரம் ஆகும், காற்றோடு இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். எதிர்க்காற்றில் செலவாகும் நேரமே அதிகம் என்பதால் ஈடாகாது. ஆகவே வெள்ளென, காற்று ஏறும் முன், மேற்கு நோக்கிக் கிளம்பி, அது வலுத்த பிறகு அதன் முதுகில் திரும்புங்கள். இந்த ஹைபிரிட்டில் கைப்பிடி நிமிர்வாக இருப்பதால் காற்றுக்கு அதிகம் முகம் கொடுக்கிறோம். முழங்கையை மடக்கி உடம்பைத் தாழ்த்தினாலே காற்றுத் தடை ஆறில் ஒரு பங்கு குறையும். கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம்முக்குக் கீழே இருக்கும் வளையங்களில் ஒன்றிரண்டை மேலே மாற்றிக் கைப்பிடியையும் இறக்கிக்கொள்ளலாம், கழுத்து வலிக்காத வரை.

ஸ்பிரிங் ஃபோர்க் வேண்டாம். இந்த விலையில் வருவதில் ஸ்பிரிங் மட்டும் உண்டு, அதன் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய் அமைப்பு கிடையாது. நின்று மிதித்தால் கீழும் மேலும் ஆடும், பிரேக் பிடித்தால் மூக்குக் குத்தும். அதே வண்டி நேர் ஃபோர்க்கோடு கிடைத்தால் அதையே எடுங்கள். எடை ஒரு கிலோவுக்கு மேல் குறைவதை ஒரு காரணமாகச் சொல்ல மாட்டோம்: 85 கிலோவில் ஒரு கிலோ என்பது ஏற்றத்தில் 1.2 சதவீத உழைப்பு. இலேசான வண்டிக்கென்று கூடுதலாக ஐந்தாயிரம் கொடுப்பவர்கள் அந்தப் பணத்தை ஃப்ரீவீலுக்கும் நல்ல பேடுக்கும் போடலாம்.

கடையில் வண்டியைக் கையில் வாங்கும்போது அவசரப்படாதீர்கள். வண்டி பெட்டியில் பாதி பூட்டியபடிதான் வருகிறது, மீதியை அங்கே பூட்டுகிறார்கள். முன் ஃபோர்க் திருப்பி மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன் டிஸ்க் ஓட்டுபவரின் இடப்பக்கம் இருக்கணும், ஃபோர்க்கின் வளைவு முன்னோக்கி இருக்கணும். திருப்பி மாட்டிய வண்டியும் ஓடத்தான் செய்யும், ஆனால் கைப்பிடி நிலைக்காது, இறக்கத்தில் ஆபத்து. இடது பெடலின் மரை எதிர்த்திசை: இடச்சுற்றாகத் திருப்பினால்தான் இறுகும். மிதிக்கும்போது ஏற்படும் உருளல் பெடலைக் கழற்றாமல் இருக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். அது தெரியாமல் வலுவந்தமாக ஏற்றினால் கிராங்க் மரை அரைந்துபோகும், பிறகு கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். முதல் சில திருப்புகள் விரலாலேயே ஏறணும்.

கிராங்க் போல்ட்டை 30 செ.மீ. கைப்பிடி கொண்ட ஸ்பேனரில் 12 கிலோ அழுத்தம் கொடுத்து இறுக்கச் சொல்லுங்கள். முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். சதுரத் தண்டில் அலுமினியக் கிராங்க் அந்த ஓட்டத்தில்தான் முழுதாக உட்காரும். டக் டக் என்று சத்தம் கேட்டும் மிதித்துக்கொண்டே போனால் சதுர ஓட்டை வட்டமாகி, எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. அதே 100 கி.மீ.யில் போக்ஸ் கம்பிகளையும் விரலால் சுண்டிப் பாருங்கள், ஒரே பக்கக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்கணும். கோட்டம் எடுப்பதற்கு எந்த ஊர் சைக்கிள் கடையும் போதும். டிஸ்க் காலிப்பர், ஃப்ரீவீல் கழற்றி வேலைகளுக்கு மட்டும் கியர் வண்டி பார்க்கிற கடையைத் தேடுங்கள்.

செயினை அளவுகோலால் அளக்கலாம். பன்னிரண்டு முழுக் கண்ணி புதிதில் 304.8 மி.மீ. அது 306.5-ஐத் தொட்டால் புதுச் செயின் போடுங்கள். அதற்கு மேலும் ஓட்டினால் பல்லும் சேர்ந்து தேய்ந்து, புதுச் செயின் பழைய பல்லில் வழுக்கும். ஏற்றத்தில் எழுந்து நின்று முழு எடையோடு மிதிக்கிற நேரத்தில்தான் அப்படி வழுக்கும்.